நுழைவுத் தேர்வும் ஆங்கில வாசிப்பும்

இந்திய மேலாண்மை நிறுவனங்களின் முதுநிலைப் படிப்பிற்கான பொதுச் சேர்க்கைத் தேர்வு, பொதுவாக ஒவ்வோர் ஆண்டும் நவம்பர்த் திங்களின் இறுதியில் நடைபெறுகிறது. 1961ஆம் ஆண்டில் கல்கத்தாவிலும் அகமதாபாதிலும் முதல் இரு நிறுவனங்கள் தோன்றின. இன்று இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களும், அவற்றிற்குப் புறம்பான பல மேலாண்மைக் கல்லூரிகளும் இத்தேர்வின் முடிவை ஏற்று மாணவரைத் தெரிந்தெடுக்கின்றன. 'கேட்' என்னும் சுருக்கப் பெயரால் இது வழங்கி வருகிறது. பொறியியல் பட்டதாரிகளுக்கான பிறிதொரு தேர்வின் சுருக்கமும் தமிழில் அவ்வாறே எழுதப்படுவதால், இங்கு இதனைச் சேர்க்கைத் தேர்வு என்று குறிப்பதே குழப்பத்தைத் தவிர்க்கும்.

தேர்வு மூன்று பகுதிகளைக் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிடங்கள். ஒரு பகுதியில் மிஞ்சிய நேரத்தை மற்றொன்றுக்கு எடுத்துச் செல்ல இயலாது. முதற்பகுதி ஆங்கில மொழி சார்ந்தது. 2021 முதல் இப்பகுதியில் 24 வினாக்கள் இடம்பெற்று வருகின்றன. அவற்றுள் 16 வினாக்கள் நான்கு உரைப்பகுதிகளைச் சார்ந்தவை. ஒவ்வோர் உரைப்பகுதியும் ஏறத்தாழ 500 சொற்கள் கொண்டது. எஞ்சிய எட்டு வினாக்கள், சிதறிய வாக்கியங்களை ஒழுங்குபடுத்துவதும் ஒரு பத்தியின் சுருக்கத்தைத் தெரிவதும் போன்றவை. ஆகவே, மொழிப் பகுதிக்குரிய 72 மதிப்பெண்களில் 48 மதிப்பெண்கள் வாசித்துப் பொருளுணரும் ஆற்றலைச் சார்ந்தே அமைந்துள்ளன.

மொத்த மதிப்பெண் மட்டுமே பார்க்கப்படுவதாயின், கணிதத்தில் வல்லவர் மொழிப் பகுதியின் குறையை ஈடுசெய்துவிடலாம். ஆனால் நிறுவனங்கள் ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தபட்ச நிலை ஒன்றை எதிர்பார்க்கின்றன. பீகாரிலோ ஒடிசாவிலோ ஒரு மாவட்டத் தலைநகரில் தாய்மொழி வழியே பள்ளிக் கல்வியும், பெயரளவில் ஆங்கில வழியே பட்டப்படிப்பும் முடித்த ஒரு மாணவரை எண்ணிப் பார்க்கலாம். கணக்கில் அவர் நகரத்து மாணவரை விஞ்சக்கூடும். எனினும், முதல் நாற்பது நிமிடங்களில் எதிர்ப்படும் நான்கு உரைப்பகுதிகளே அவரைத் தடுத்து நிறுத்தக்கூடும். இத்தகைய மாணவர்க்குப் பெரும்பாலும் அளிக்கப்படும் அறிவுரை, ஆங்கிலச் சொற்களை ஆயிரக்கணக்கில் மனப்பாடம் செய்க என்பதும், வேகமாக வாசிக்கப் பழகுக என்பதுமாகும். இவ்விரண்டும் முற்றிலும் பயனற்றவை அல்ல. ஆயினும் அவை நோயின் இடத்தை விட்டு வேறிடத்தில் மருந்து பூசுபவை.

தேர்வு சோதிப்பது யாது?

உரைப்பகுதியின் பொருள் எதுவாகவும் இருக்கலாம்: பறவைகளின் ஒலி, பழங்கால நாணயங்கள், நகரமைப்பு, மொழியியல், பொருளாதாரம். அத்துறையில் முன்னறிவு எதிர்பார்க்கப்படுவதில்லை. அருஞ்சொற்களின் பொருளை நேரடியாகக் கேட்கும் வினாக்களும் அரிதே. மையக் கருத்து யாது, ஆசிரியர் எதனை ஒப்புகிறார், எதனை மறுக்கிறார், அவர் கூற்றிலிருந்து எதனை உய்த்துணரலாம், எச்செய்தி அவர் வாதத்தை வலுவிழக்கச் செய்யும் என்பனவே பெரும்பான்மையான வினாக்கள். அதாவது, ஆசிரியர் சொன்னது எது, அதனை எந்த அளவிற்குச் சொன்னார் என்னும் இரண்டையும் மாணவர் பிரித்தறிகிறாரா என்பதே சோதனை. இந்த ஆற்றல் எந்த ஒரு மொழிக்கும் தனியுரிமை அன்று. தாய்மொழியில் ஒரு தலையங்கத்தையோ தீர்ப்புரையையோ கூர்ந்து படிக்கத் தெரிந்தவரிடம் இதன் பெரும்பகுதி ஏற்கெனவே உள்ளது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பயிற்சிக்கெனப் புனைந்த ஓர் ஆங்கில உரைப்பகுதியின் சாரம் பின்வருமாறு அமைவதாகக் கொள்வோம்:

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவில் இருப்புப் பாதை அமைத்த நிர்வாகிகள், அது எட்டிய இடமெல்லாம் பஞ்சம் மறையும் என்று நம்பினர். மறுதரப்பினரோ, தானியத்தை வெளியே இழுத்துச் சென்று பஞ்சத்தை விளைவித்ததே இருப்புப் பாதைதான் என்றனர். இரு தரப்பினரும் அதற்கு அளவுக்கு மீறிய ஆற்றலைக் கற்பிக்கின்றனர். மாவட்டங்களுக்கிடையே தானிய விலைகள் நெருங்கி வந்தன என்பது உண்மையே. ஆயினும், மழை பொய்த்த ஆண்டில் வேலை இழந்த உழவுத் தொழிலாளியிடம் அவ்விலைக்கு வாங்குவதற்கும் கூலி இல்லை. தானியம் வந்து சேர்ந்ததா என்பது ஒரு கேள்வி. வந்த தானியம் எவர் கைக்குச் சென்றது என்பது வேறொரு கேள்வி.

ஆசிரியரின் கருத்துக்கு மிக நெருங்கியது எது என்னும் வினாவுக்கு நான்கு விடைத் தெரிவுகள் தரப்படுகின்றன. முதலாவது, இருப்புப் பாதைகள் பஞ்சத்திற்குக் காரணமாயின என்பது. இரண்டாவது, இருப்புப் பாதைகள் விலை வேறுபாட்டைக் குறைத்தபோதிலும் வாங்கும் திறன் அற்றவரின் பசியைத் தாமாகவே போக்க இயலவில்லை என்பது. மூன்றாவது, அரசு இருப்புப் பாதைக்கு மாறாகப் பாசனக் கால்வாய்களில் முதலீடு செய்திருக்க வேண்டும் என்பது. நான்காவது, இருப்புப் பாதை சென்ற இடங்களில் பஞ்சம் நீங்கியது என்பது.

இரண்டாவதே சரியான விடை. ஆனால் பயிற்சியின் பயன் சரியான விடையைக் கண்டதோடு முடிவதில்லை. ஏனைய மூன்றும் எவ்வாறு பிழைபடுகின்றன என்பதிலேதான் பாடம் இருக்கிறது. முதலாவதும் நான்காவதும் உரைப்பகுதியில் உள்ள கருத்துகளே; ஆனால் அவை ஆசிரியரின் கருத்துகள் அல்ல, அவர் மறுப்பதற்கென எடுத்துரைத்தவை. விரைந்து வாசிப்பவரின் நினைவில் சொற்கள் மட்டுமே தங்குகின்றன. அவை எவர் வாய்ச் சொற்கள் என்பது நழுவிவிடுகிறது. மூன்றாவது வேறு வகையானது. இந்தியப் பொருளாதார வரலாறு கற்ற மாணவர் அதனையே விரும்பித் தெரிவார். அது நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வரும் ஒரு கருத்து, உண்மையாகவும் இருக்கலாம். எனினும், உரைப்பகுதியில் கால்வாய் என்ற பேச்சே இல்லை. நன்கு படித்த மாணவர் தம் அறிவினாலேயே இடறி விழும் இடம் இது. மாணவரின் கருத்தும் உலகத்தின் உண்மையும் இங்குக் கேட்கப்படவில்லை.

வாதத்தை வலுவிழக்கச் செய்வது எது என்று கேட்கப்படுமாயின் மேலும் ஒரு படி செல்ல வேண்டும். இவ்வாசிரியரின் வாதம் கூலியை அச்சாகக் கொண்டு சுழல்கிறது. ஆகவே, கூலி வேலையும் நிவாரணப் பணியும் அற்ற ஆண்டுகளிலும் இருப்புப் பாதை இருந்த மாவட்டங்களில் மட்டும் பட்டினிச் சாவு குறைந்தது என்று காட்டும் சான்று அவ்வாதத்தைத் தளர்த்தும். இருப்புப் பாதைக்கு அரசு பெருந்தொகை செலவிட்டது என்னும் செய்தி அவ்வாதத்தைத் தொடவே தொடாது. வாதத்தின் அச்சு எது என்று ஒரு வரியில் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ள முடியாதவர் இவ்வகை வினாவில் ஊகத்தையே நம்ப நேரும்.

வாக்கியத்தின் போக்கு

இந்திய மாணவர்க்கு ஆங்கில வாசிப்பில் உள்ள உண்மையான தடைகளுள் முதன்மையானது சொல் அன்று, வாக்கிய அமைப்பே. காசுமீரி, காசி போன்ற சில மொழிகள் நீங்கலாகப் பெரும்பாலான இந்திய மொழிகளில் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. அடைகள் யாவும் முன்னே வந்து, முடிபு பின்னே வரும். ஆங்கிலத்திலோ எழுவாயும் வினையும் முன்னதாக வந்துவிடுகின்றன. நிபந்தனைகளும் விலக்குகளும் பின்னே தொடர்கின்றன. முடிபுக்காக இறுதிவரை காத்திருந்து பழகிய மனம், ஆங்கில வாக்கியத்தின் முற்பகுதியில் முடிபு கிடைத்தவுடன் நிறைவுற்று, பின்னே வரும் 'அன்லெஸ்', 'ஆல்தோ', 'ப்ரொவைடெட்' ஆகியவற்றின் பாரத்தைக் குறைத்து மதிப்பிடுகிறது. தேர்வின் விடைத் தெரிவுகளோ பெரும்பாலும் அந்தப் பின்பகுதியிலிருந்தே பிறக்கின்றன.

எதிர்மறையின் எல்லையும் இத்தகையதே. 'நாட் ஆல்' என்றால் எல்லாரும் அல்லர் என்று பொருள். ஒருவரும் இல்லை என்பது அன்று. 'எ ஃபியூ' என்பது சிலர் உளர் என்று உடன்படுகிறது. 'எ' நீங்கி 'ஃபியூ' மட்டும் நின்றால் மிகச் சிலரே என்னும் குறைபாட்டை உணர்த்துகிறது. 'நத்திங் பட்' என்பதற்கு அதுவேயன்றி வேறில்லை என்று பொருள். 'எனிதிங் பட்' என்பதற்கு வேறெதுவாயினும் ஆகலாம், அது மட்டும் அன்று என்று பொருள். உருவில் உடன்பிறந்தவை, பொருளில் பகைவர். இவற்றுள் ஒரு சொல்லேனும் அகராதியில் தேட வேண்டிய அருஞ்சொல் அன்று என்பது கருதத்தக்கது. ஆறாம் வகுப்பு மாணவர்க்கும் தெரிந்த சிறு சொற்களே பட்டதாரிகளை வீழ்த்துகின்றன.

அரசு அலுவலகங்களில் பணிபுரிந்துகொண்டே இத்தேர்வை எழுதுவோரும் உளர். விதிகளிலும் சுற்றறிக்கைகளிலும் 'ஷல்' எங்கு வருகிறது, 'மே' எங்கு வருகிறது, 'நாட்வித்ஸ்டாண்டிங்' என்று தொடங்கும் பிரிவு எதனை மீறுகிறது என்று நாள்தோறும் பார்த்துப் பழகியவர்கள் இவர்கள். கோப்புக் குறிப்பு எழுதும் உதவியாளருக்கு இவ்வகையில் கல்லூரி மாணவரை விடக் கூடுதல் பயிற்சி உண்டு. அதனைத் தேர்வுக்குரிய திறனாக அவர் உணராதிருப்பதே குறை.

வாக்கியத் தடையை நீக்குவதற்குப் பயனுள்ள பயிற்சி ஒன்றுண்டு. நாற்பது சொற்களுக்கு மேற்பட்ட ஓர் ஆங்கில வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அதன் எழுவாயையும் வினையையும் மட்டும் முதலில் பிரித்தெழுத வேண்டும். பின்னர் ஒவ்வொரு துணைவாக்கியமும் எச்சொல்லைக் கட்டுப்படுத்துகிறது என்று குறிக்க வேண்டும். இறுதியாக முழுவதையும் தாய்மொழியில் இரண்டு மூன்று சிறு வாக்கியங்களாகச் சொல்ல வேண்டும். தாய்மொழியில் சிந்திப்பது ஆங்கில வாசிப்பைக் கெடுக்கும் என்று கூறுவோர் உண்டு. தொடக்க நிலையில் இக்கருத்து ஏற்கத்தக்கதன்று. புரிந்துகொண்டோம் என்னும் மயக்கத்திற்கும் உண்மையான புரிதலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தாய்மொழி உடனே காட்டிக் கொடுத்துவிடும். நாளொன்றுக்கு மூன்று வாக்கியங்கள் போதும். சில கிழமைகளில் பேனா வேண்டாமலேயே கண் அவ்வேலையைச் செய்யத் தொடங்கும். அந்நிலையில் இப்பயிற்சியைக் கைவிட்டுவிடலாம்.

நேரமும் மதிப்பெண்ணும்

வேக வாசிப்பைப் பற்றிய கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நலம். எட்டுச் சிறு வினாக்களுக்கு 12 நிமிடங்களை ஒதுக்கினால், நான்கு உரைப்பகுதிகளுக்கு 28 நிமிடங்கள் எஞ்சும். அதாவது ஒன்றுக்கு 7 நிமிடங்கள். நிமிடத்திற்கு 150 சொற்கள் என்னும் நிதானமான நடையில் வாசிப்பவர்க்கு 500 சொற்களை முடிக்க 3 நிமிடம் 20 நொடி ஆகும். நான்கு வினாக்களுக்கு 3 நிமிடம் 40 நொடி மிஞ்சும். வினா ஒன்றுக்கு 55 நொடி. நிமிடத்திற்கு 250 சொற்கள் வாசிப்பவர் 2 நிமிடங்களில் முடித்துவிடுவார். அவர்க்கு மிஞ்சும் ஆதாயம் வினா ஒன்றுக்கு 20 நொடி மட்டுமே. அந்த வேகத்தால் ஆசிரியரின் நிலைப்பாடு பிடிபடாமல் போய், உரைப்பகுதியை மீண்டும் வாசிக்க நேருமாயின், ஈட்டியது அனைத்தும் இழக்கப்படும். வினாக்களை முதலில் படித்துவிட்டு உரைக்குச் செல்லும் முறையும் இதே காரணத்தால் பலருக்கு ஒத்துவருவதில்லை. நான்கு வினாக்களையும் பதினாறு தெரிவுகளையும் மனத்தில் சுமந்துகொண்டு வாதத்தைத் தொடர்வது எளிதன்று.

மதிப்பெண் முறையும் அறியத்தக்கது. சரியான விடைக்கு 3 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைக்கப்படும். தெரிவுகள் தரப்படாத வினாக்களுக்கு மட்டும் இக்குறைப்பு இல்லை. நான்கு தெரிவுகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், நீண்டகாலச் சராசரியில் ஆதாயமும் இல்லை, இழப்பும் இல்லை. ஒரு தெரிவை உறுதியாக நீக்கிவிட்டால் சராசரி ஆதாயம் மூன்றில் ஒரு மதிப்பெண். இரண்டை நீக்கிவிட்டால் முழுமையாக ஒரு மதிப்பெண். எனவே, சரியான விடை தோன்றாத நிலையிலும், தவறான விடையை ஏன் தவறென்று அறியும் திறன் மதிப்பெண்ணாக மாறுகிறது. முன்னர்க் கூறிய பிழை ஆய்வின் பயன் இங்கு வெளிப்படுகிறது.

நான்கு உரைப்பகுதிகளையும் முடித்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. மூன்றினை மட்டும் எடுத்து, 12 வினாக்களில் 10 சரியாகவும் 2 தவறாகவும் விடையளித்தவர் 28 மதிப்பெண் பெறுகிறார். நான்கினையும் அவசரமாக முடித்து, 16 வினாக்களில் 9 சரியாகவும் 7 தவறாகவும் விடையளித்தவர் பெறுவது 20. எந்த உரைப்பகுதியை விடுவது என்பதைப் பொருளைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது. தத்துவம் என்றாலே அஞ்சி விலகுவோர் பலர். ஆனால் தத்துவ உரையில் வாதம் பெரும்பாலும் நேராக அமைந்திருக்கும். எளிய பொருளில் பல குரல்கள் கலந்து பேசும் உரையே சில வேளைகளில் கடினம். முதற்பத்தியை வாசித்தபின் ஆசிரியர் எதனை நிறுவ வருகிறார் என்று தெரிகிறதா என்பதே உரைகல்.

'எக்ஸெப்ட்' என்னும் சொல் கொண்ட வினாக்களைப் பற்றியும் ஒரு சொல். இவற்றில் மூன்று தெரிவுகள் உரைக்கு உடன்பட்டவை. உடன்படாத ஒன்றே விடை. மூன்றினையும் சரிபார்க்க வேண்டியிருப்பதால் நேரம் மிகுதியாகும். இவற்றை இறுதியில் வைத்துக்கொள்வதே சிக்கனம்.

எதனைக் கொண்டு பயில்வது?

அண்மை ஆண்டுகளில் தேர்வு முடிந்தபின் வினாத்தாளும் விடைக்குறிப்பும் தேர்வர்களின் பார்வைக்கு வைக்கப்பட்டு வருகின்றன. பயிற்சிக்கு இவற்றினும் சிறந்த மூலம் இல்லை. தனியார் தயாரிக்கும் மாதிரித் தாள்களில் உரைப்பகுதி நன்றாக இருந்தாலும் விடைத் தெரிவுகள் பல வேளைகளில் செம்மையாக அமைவதில்லை. அவற்றைக் கொண்டு பழகுவோர், பிழையான தர்க்கத்தையே சரியெனக் கற்றுக்கொள்ளும் அபாயம் உண்டு. முந்தைய ஆண்டுத் தாள்கள் எண்ணிக்கையில் குறைவானவை என்பதால், அவற்றை நாளொன்றுக்கு ஐந்தாறு என விழுங்கித் தீர்த்துவிடுதல் தகாது. ஓர் உரைப்பகுதிக்கு விடையளிக்க 7 நிமிடம்; அதனை ஆராய அரைமணி நேரம் என்பது தகுந்த விகிதம். ஒவ்வொரு தவறான விடைக்கும் எதிரே, மறுக்கப்பட்ட கருத்தை ஆசிரியர் கருத்தாகக் கொண்டதா, உரையில் இல்லாததைச் சேர்த்ததா, அளவை மீறியதா, வாக்கியத்தையே பிழையாக வாசித்ததா என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவது நன்று. சில திங்களில் தம் பிழைகள் ஒரே வகையைச் சேர்ந்தவை என்று மாணவர் பலரும் காண்பர். அதன்பின் திருத்துவதற்கு உரியது ஆங்கிலம் முழுவதும் அன்று. அந்த ஒரு பழக்கமே.

பொது வாசிப்பிற்கு, தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் கோட்பாடு, சமூகவியல், வரலாற்று நூல்கள் நல்ல தொடக்கம். அவை இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன; எளிய ஆங்கிலத்தில் உண்மையான வாதங்களை முன்வைக்கின்றன. இவற்றில் தேறியபின் ஆங்கில நாளிதழ்களின் நடுப்பக்கக் கட்டுரைகளுக்கும், மத்திய நிதி அமைச்சகத்தின் பொருளாதார ஆய்வறிக்கைக்கும் செல்லலாம். ஒரே கட்டுரை ஆங்கிலத்திலும் தாய்மொழியிலும் கிடைக்கும் வெளியீடுகள் மிகவும் பயன்படும்: ஆங்கில வடிவை வாசித்து, சாரத்தை எழுதி, பின்னர் தாய்மொழி வடிவோடு ஒப்பிட்டால் ஆசிரியர் அருகில் இல்லாமலேயே பிழை புலப்படும்.

இதில் நீதி உண்டா?

தாய்மொழி வழிக் கற்றவரை ஆங்கில வாசிப்பால் அளப்பது நேர்மையா என்னும் வினா புதியதன்று. 1964–66ஆம் ஆண்டுகளில் பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, உயர்கல்வியில் இந்திய மொழிகளே பயிற்று மொழிகளாக வேண்டும் என்று கருதியது. அதே வேளையில் ஆங்கிலத்தை நூலக மொழியாகக் கொண்டு, பட்டம் பெறுவோர்க்கு அதில் போதிய வாசிப்புத் திறன் தேவை என்றது. பேச்சு மொழி என்றோ நாகரிகத்தின் அடையாளம் என்றோ கூறாமல் நூலக மொழி என்று குறித்தது பொருள் நிறைந்தது. ஆனால் கல்லூரிகளில் நிகழ்ந்தது வேறு. வினா–விடைக் குறிப்பேடுகள் பெருகின. நூலகத்திற்குச் செல்லாமலே ஆங்கிலத் தாளில் தேர்ச்சி பெற வழி பிறந்தது. வாசிப்பு கற்பிக்கப்படவில்லை, தேர்வில் மட்டும் அது எதிர்பார்க்கப்படுகிறது.

குடிமைப் பணித் தேர்விலும் இவ்வினா எழுந்தது. 2011இல் முதல்நிலைத் தேர்வில் திறனறித் தாள் சேர்க்கப்பட்டபோது, ஆங்கில வாசிப்பைச் சோதிக்கும் சில வினாக்கள் மொழிபெயர்ப்பின்றி அமைந்தன. ஏனைய உரைப்பகுதிகளின் இந்தி மொழிபெயர்ப்பு புரியாத நடையில் உள்ளது என்னும் குறையும் எழுந்தது. 2014இல் தில்லியில் தேர்வர்கள் கிளர்ச்சி செய்தனர். அவ்வாண்டில் ஆங்கில வாசிப்பு வினாக்களின் மதிப்பெண்கள் தகுதி வரிசைக்குக் கணக்கிடப்படமாட்டா என அரசு அறிவித்தது. 2015 முதல் அத்தாள் முழுவதுமே 33 விழுக்காடு பெற்றால் போதும் என்னும் தகுதித் தாளாயிற்று. முதன்மைத் தேர்வின் கட்டாய ஆங்கிலத் தாளும், உரைப்பகுதி வாசிப்பையும் சுருக்கி வரைதலையும் கொண்டிருந்தபோதிலும், தரவரிசையில் சேர்வதில்லை.

மேலாண்மைச் சேர்க்கைத் தேர்வில் அத்தகைய மாற்றம் நிகழவில்லை. வகுப்பறையில் பயிலப்படும் நூல்களும் நிகழ்வாய்வுகளும் ஆங்கிலத்தில் இருக்கும் வரையில், அவற்றை வாசிக்கும் திறனைச் சோதிப்பதில் ஒரு நியாயம் உண்டு. அத்திறனைக் கற்பிக்கும் பொறுப்பு கட்டணப் பயிற்சி நிலையங்களிடம் விடப்பட்டிருப்பதில் நியாயம் இல்லை. மாவட்டக் கல்லூரி ஒன்று இதனை மாற்றப் பெருஞ்செலவு தேவைப்படாது. இறுதியாண்டு மாணவர்க்குக் கிழமைக்கு ஒரு மணி நேரம், ஓர் உரைப்பகுதி, நான்கு வினாக்கள் போதும். விடை சரியா தவறா என்பதோடு நில்லாமல், ஒவ்வொரு தெரிவையும் ஏன் ஏற்றனர், ஏன் தள்ளினர் என்பதை மாணவர் தம் மொழியிலேயே வகுப்பில் வாதிட விட வேண்டும். இவ்வகுப்பை நடத்த ஆங்கில விரிவுரையாளர்தாம் வேண்டும் என்பதில்லை. பொருளாதாரமோ வரலாறோ கற்பிப்பவரும் நடத்தலாம். மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில், சூலைத் திங்களில் தொடங்கினால், நவம்பருக்குள் ஏறத்தாழ இருபது உரைப்பகுதிகளை முடித்துவிட முடியும்.